மாப்பிள்ளை ஃபோர்வீல் வாங்கினார்

மற்ற போமன்களிடம், அதாவது வண்டி மெக்கானிக்குகளிடம், வருகிறவர்கள் ஓடாத வண்டியைக் கொண்டு வந்து ஓட வைத்துத் தரச் சொல்வார்கள். என்னிடம் வருகிறவர்கள் நன்றாக ஓடுகிற வண்டியைக் கொண்டு வந்து, சேற்றில் போய்ச் சிக்கிக்கொள்வதற்குத் தோதாக மாற்றித் தரச் சொல்வார்கள்.

சிங்கப்பூர் பாலத்துக்கு இந்தப் பக்கம், தெப்ராவில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் என் வொர்க்‌ஷாப். நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய மேனுவல் கியர் ஃபோர்வீல் வண்டிகள் மட்டும்தான் பார்க்கிறேன். நானும் ரோஸ்லியும்தான் ஆட்கள். ரோஸ்லி மலாய்க்காரன், என்னோடு இருந்து இருந்து தமிழில் திட்டு வாங்கவும் திருப்பிக் கொடுக்கவும் பழகிவிட்டான்.

இதே தொழிலில் மாரடிக்கும் சக பாவிகளே, வாடிக்கையாளர் தொல்லை உங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அந்த வாடிக்கையாளரே தங்கச்சி புருஷனாக அமைந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? வெளியாள் என்றால் "வேற போமன பாருங்க" என்று சாவியைக் கையில் கொடுத்து அனுப்பலாம். பெண் கொடுத்த வீடு அப்படிச் செய்ய முடியுமா? மாப்பிள்ளை வந்தால் முதலில் நாற்காலி போட வேண்டும், பக்கத்துக் கடையில் நுரை பொங்க ஆற்றின டீ, தே தாரே, சொல்ல வேண்டும், பிள்ளைகள் சுகமா என்று கேட்க வேண்டும். அதற்கப்புறம்தான் பானெட்டைத் திறந்து தலையில் அடித்துக்கொள்ளலாம். அதுவும் பானெட்டுக்குள்ளேயே.

சேலை எடுக்கப் போன கதை

மாப்பிள்ளை பெயர் தினகரன். சிங்கப்பூரில் ஃபேக்டரி வேலை. விடிவதற்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் பாலத்து ஜாம் தாண்டிப் போய், இருட்டிய பிறகு அதே ஜாமில் ஊர்ந்து திரும்புகிற மனுஷன். வீட்டுக்கு ஒரு சின்னக் கார் வாங்கலாம் என்று என் தங்கச்சி கலையரசி சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் அவர் வாங்கி வந்தது, என் தலையில் முடி இருந்த காலத்தில் செய்த டீசல் ஃபோர்வீல். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாங்க விட்டிருக்க மாட்டேன் என்பது அவருக்கும் தெரியும்.

வாங்கியதும் அவர் செய்த முதல் காரியம், முன்பக்கம் விளக்கு மாட்டியது. வட்ட விளக்கு, நீள விளக்கு, மஞ்சள் விளக்கு என்று ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு கடையே போட்டுவிட்டார். அந்த வண்டியில்தான் உறவுக் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க இருவரும் துணிக்கடைகளுக்குப் பேர்போன தங்காக் போனார்கள். நல்ல வெயில். ரேடியேட்டருக்குக் காற்று போக வழியில்லை. பாதி வழியில் ஆவி கிளம்பி எஞ்சின் நின்றது. இழுவை லாரி முதுகில் வண்டியும், லாரிக்காரர் பக்கத்தில் இவர்கள் இரண்டு பேருமாக என் வொர்க்‌ஷாப் வாசலில் வந்து இறங்கினார்கள். நல்ல துணி உடுத்திக்கொண்டு கிளம்பியவள், கை முட்டிவரை கிரீஸோடு நின்றாள். என்னைப் பார்த்து, ஆனால் அவருக்குக் கேட்கும்படி, சொன்னாள்:

"அண்ணே, இன்னொரு தடவ இந்தக் காடிய யாராச்சும் இழுத்துட்டு வந்தா, அன்னிக்கே வித்துடணும். நீங்கதான் சாட்சி."

கண்ணுக்குத் தெரிகிற வேலை

மறுநாள் மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தே தாரே ஆறிப்போனது, தொடவில்லை. "மச்சான், நாள் பூரா மெஷின் முன்னால நிக்கிறேன், மிச்ச நேரம் ஜாம்ல நிக்கிறேன். எனக்குன்னு இருக்கறது இது ஒன்னுதான். இது போவக்கூடாது" என்றார். எனக்கு மனசு இளகிவிட்டது. இளகியிருக்கக் கூடாது.

பழைய வண்டியைக் காட்டுக்குத் தயார் செய்வதென்றால் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பிரேக், ரேடியேட்டர், காய்ந்து வெடித்துப்போன ரப்பர் ஹோஸ்கள், கியர்பாக்ஸ் எண்ணெய், ஸ்டியரிங் மூட்டுகள். ஓடுகிற வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறதா, சூடாகாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் உயரமும் பெரிய டயரும். இதையெல்லாம் பொறுமையாக, தரையில் சாக்பீஸால் படம்கூடப் போட்டு விளக்கினேன். அந்த விளக்குகளையும் கழற்றி ஓரமாக வைத்தேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். என் தங்கச்சியைப் பெண் பார்க்க வந்தபோதுகூட அவ்வளவு பணிவாகத் தலையாட்டவில்லை. நானும் ரோஸ்லியும் ஹோஸ் அத்தனையையும் மாற்றி, பிரேக்கைப் பிரித்துப் பூட்டி, ரேடியேட்டரைக் கழுவி வைத்தோம். மாப்பிள்ளை வந்து வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"எல்லாம் சரி மச்சான், வெளிய இருந்து பாத்தா தெரியற மாதிரி ஏதாச்சும் பண்ணியிருக்கலாம்லா?"

பெரிய டயர்

வெளியே இருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி அவரே பண்ணிக்கொண்டார். வேறு எங்கோ போய், இருக்கிறதிலேயே பெரிய சேற்று டயராகப் பார்த்து மாட்டி வந்தார். ஸ்டியரிங்கைத் திருப்பினால் டயர் மட்கார்டை உரசும். நேராகப் போனால் பிரச்சினை இல்லை. வாழ்க்கையில் நேராகவே போய்க்கொண்டிருக்க முடியுமா? ஸ்பிரிங்கை உயர்த்தி, மட்கார்டு ஓரத்தை வெட்டி, ஒரு வழியாக உரசலை நிறுத்தினேன். டயர் கனத்தில் வண்டியின் இழுவை குறைந்துவிட்டது என்று அடுத்த வாரம் வந்தார். பெரிய டயர் போட்டால் இழுவை குறையும், மேட்டில் ஒரு கியர் இறக்கித்தான் ஓட்ட வேண்டும் என்று சொன்னேன்.

மாப்பிள்ளை நம்பவில்லை. ஃபோனில் ஃபோர்வீல்காரர்கள் குரூப் ஒன்று வைத்திருக்கிறார். அதில் ஒருவர் பம்பைத் திருகு என்கிறார், ஒருவர் டர்போ போடு என்கிறார், ஒருவர் டாங்கியில் சமையல் எண்ணெய் கொஞ்சம் கலந்து பார் என்கிறார். ஒவ்வொன்றாக எனக்குப் படித்துக் காட்டினார். அதில் பாதிப் பேரின் வண்டிகள் என் வொர்க்‌ஷாப்பின் பின்புறம் மழையில் நின்றுகொண்டிருக்கின்றன என்பதை நாகரிகம் கருதிச் சொல்லவில்லை. சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவர் ஃபோனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"குரூப்ல எல்லாரும் ஒன்னொன்னு சொல்றாங்க மச்சான், நீங்க மட்டும்தான் எதையும் செய்ய வேணாங்கிறீங்க."

முன்சக்கரம் வேலை செய்யவில்லை

ஃபோர்வீலைப் போட்டால் முன்சக்கரம் இழுக்க மாட்டேன் என்கிறது, கியர்பாக்ஸ் போய்விட்டது என்று ஒரு சனிக்கிழமை வந்து நின்றார். உளு திராம் பக்கம் மணல் மேட்டில் சிக்கி, கூட வந்த நண்பர்கள் தோள் கொடுத்துத் தள்ளி எடுத்திருக்கிறார்கள். தள்ளினார்கள், இழுக்கவில்லை என்பதை என்னிடம் மூன்று முறை சொன்னார். கலை கேட்டால் நான் அப்படியே சொல்ல வேண்டுமாம்.

கியர்பாக்ஸ் என்றால் லேசுப்பட்ட வேலை இல்லை. பழைய சாமான் கடைகளில் அந்த கியர்பாக்ஸுக்கு நாயாய் அலைய வேண்டும். வண்டியை ஜாக்கியில் ஏற்றி, அடியில் படுத்து, கியர்பாக்ஸின் எண்ணெயை இறக்கிப் பார்த்தேன். இரும்புத் துகள் ஒன்றும் இல்லை, தண்டெல்லாம் ஒழுங்காகச் சுற்றுகிறது. எழுந்து வந்து முன்சக்கரத்தைப் பார்த்தேன். இந்த மாதிரிப் பழைய வண்டியில் உள்ளே இருந்து கம்பியை இழுத்தால் மட்டும் போதாது. கீழே இறங்கி, இரண்டு முன்சக்கரத்தின் நடுவிலும் இருக்கிற குமிழைக் கையால் திருகிப் பூட்ட வேண்டும். அப்போதுதான் சக்கரம் எஞ்சினோடு சேரும். அந்தக் குமிழ்கள் பளபளவென்று சிவப்புப் பெயிண்ட் அடிக்கப்பட்டிருந்தன. எந்தப் பக்கம் திருகினால் பூட்டும் என்ற எழுத்தே பெயிண்டுக்கு அடியில் போய்விட்டது. வாங்கின நாளிலிருந்து அதை யாரும் திருகியதே இல்லை. ரோஸ்லி சிரிப்பை அடக்க முடியாமல் கழிப்பறைப் பக்கம் ஓடினான். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன்.

"அது திருகற சாமானா மச்சான்? டிசைன்னுல்ல நெனச்சேன்!"

இடது கால்

அடுத்து கிளச்சு. புதுசு போட்டுக் கொடுத்த சூடு ஆறவில்லை, வண்டி கருகின நாற்றத்தோடு திரும்பி வந்தது. நான் மாட்டின கிளச்சு அவ்வளவு சீக்கிரம் போகாது. என் தொழிலுக்கே இழுக்கு. எதற்கும் பார்ப்போம் என்று, ஓட்டுங்கள் மாப்பிள்ளை என்று பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். தெப்ராவில் ஒரு சுற்று. அவர் கண் ரோட்டில் இருந்தது, என் கண் அவர் கால்மேல் இருந்தது. இடது கால் கிளச்சு பெடலை விட்டு ஒரு நிமிடம்கூட இறங்கவில்லை. நேர்ரோட்டில், நான்காவது கியரில், கிளச்சின்மேல் காலைச் சுகமாகச் சாத்தி வைத்துக்கொண்டு எனக்கு ஃபேக்டரி கதை சொல்லிக்கொண்டு வருகிறார்.

நான் மிக மரியாதையாக, குரலை உயர்த்தாமல், மாப்பிள்ளை அந்தக் காலைக் கொஞ்சம் கீழே வையுங்கள், கிளச்சு தேய்கிறது என்றேன். என் குரல் உயரவில்லையே தவிர, உள்ளே எனக்கு ரத்தம் கொதித்தது. அவர் குனிந்து தன் காலையே புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"மூணு பெடலு இருக்கு, கால் ரெண்டுதான் இருக்கு. சும்மா இருக்கற கால எதுலயாச்சும் வைக்கணும்தானே மச்சான்?"

சாமந்திப் பூ

இது ஒன்றை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆற்றில் இறங்கும்போது எஞ்சின் தண்ணீரை உறிஞ்சிவிடாமல் இருக்க, காற்று இழுக்கிற குழாயைக் கூரை உயரத்துக்கு ஏற்றி மாட்டுவோம். ஸ்னோர்க்கல் என்று பெயர். மாப்பிள்ளைக்கு அது வெளியே இருந்து பார்த்தால் தெரிகிற சாமான் என்பதால் உயிர். ஒழுங்காக மாட்டி, இணைப்பெல்லாம் பசை வைத்து அடைத்து, புது ஃபில்டர் போட்டு அனுப்பினேன். ஒரு வாரத்தில் வந்தார். வண்டி மேடு ஏறவில்லை, கரும்புகை கக்குகிறது, ஆளே மாறிவிட்டது என்றார். டீசல் ஃபில்டரை மாற்றினேன். டாங்கியை இறக்கிக் கழுவினேன். பம்புக்குப் போகிற குழாய்களை ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்தேன். இஞ்செக்டர்களைக் கழற்றிச் சோதிக்கக் கொடுத்தேன். எல்லாம் சுத்தம். வண்டி மட்டும் மூச்சு வாங்குகிறது. அந்த வாரம் முழுக்க நான் வீட்டில் யாரிடமும் நல்லபடியாகப் பேசவில்லை. கலை வேறு ஃபோன் செய்து, காடி தானாக ஓடி வந்ததா, இழுத்து வந்தார்களா என்று விசாரித்தாள்.

காற்று ஃபில்டரை நான் தொடவே இல்லை. போன வாரம்தானே என் கையால் புதிது போட்டேன்! கடைசியில் ரோஸ்லி சலித்துப்போய் ஃபில்டர் பெட்டியைத் திறந்தான். "பாங், பூ பாங், பூ!" என்று கத்தினான். பாங் என்றால் மலாயில் அண்ணன். உள்ளே ஈரமாக, கூழாக, கை நிறைய அள்ளுகிற அளவுக்குச் சாமந்தி. மாப்பிள்ளை வண்டியைக் கோயிலுக்குக் கொண்டு போய்ப் பூசை போட்டிருக்கிறார். டயருக்கு எலுமிச்சை, கண்ணாடிக்கு விபூதி, சந்தனம். எல்லாம் முறைப்படிதான். மாலையை மட்டும் ஸ்னோர்க்கல் வாயில் மாட்டி, ஹைவேயில் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். எஞ்சின் ஒவ்வோர் இதழாக மாலையைச் சாப்பிட்டு முடித்திருக்கிறது. நடுவில் மழை வேறு. பானெட்டில் போடுகிற மாலையை அங்கே போய் எதற்கு மாட்டினீர்கள் என்று கேட்டேன். கேட்கும்போது என் குரல் நடுங்கியது, மரியாதையில் அல்ல.

"சாமிக்குன்னாலும் மனுஷனுக்குன்னாலும் உச்சியிலதானே மச்சான் போடுவாங்க? காடிக்கு உச்சி அதுதானே?"

காஹாங் மேடு

பூவெல்லாம் எடுத்த பிறகு வண்டி நன்றாகத்தான் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதில் செய்ய வேண்டியது ஒன்றும் பாக்கியில்லை. குரூப்காரர்கள் காஹாங் பக்கம் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்துக்குள் குடும்பத்தோடு போகிற ஒருநாள் பயணம் போட்டார்கள். மாப்பிள்ளை கெஞ்சிக் கூத்தாடிக் கலையைச் சம்மதிக்க வைத்தார். அவள் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டால் வண்டிமேல் இருக்கிற கோபம் போய்விடும் என்பது அவர் நம்பிக்கை. நான் சாமான் பெட்டியோடு என் வண்டியில் பின்னாலேயே போனேன். அண்ணன் என்ற முறையில் ஒன்று, போமன் என்ற முறையில் ஒன்று என்று எனக்கு இரண்டு பயம்.

மதியம் மழை கொட்டியது. செம்பனை லாரிகள் போய்ப் போய் வழுக்கிக் கிடந்த செம்மண் மேடு ஒன்று குறுக்கே வந்தது. முன்னால் போன வண்டிகள் தத்தளித்து ஏறிவிட்டன. மாப்பிள்ளை இரண்டாவது கியரில், எண்ணெய்ப் பெடலை மிதித்துக்கொண்டு, ஓடி வந்து பாய்ந்தார். பாதி மேட்டில் சக்கரம் நான்கும் சுற்றிச் சேறு பறந்தது. வண்டி பக்கவாட்டில் சறுக்கிக் கீழே வந்து, கால்வாய் விளிம்பில் நின்றது. திரும்பப் பாய்ந்தார். திரும்பச் சறுக்கினார். இந்தத் தடவை எஞ்சினும் நின்றுவிட்டது. மேலேயிருந்து குரூப் தலைவர் கயிற்றைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்.

கயிற்றைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "கலை, இது லாரி இல்ல, கயிறுதான். இதுல சேராது" என்றார். கலை கதவைத் திறந்து சேற்றில் இறங்கி நின்று, "இழுக்கறது இழுக்கறதுதாங்க" என்றாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான், எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவர் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் இந்தச் சனியன் எப்போது என் தலையை விட்டு இறங்கும் என்று காத்திருந்தவன் நான். கயிற்றைக் கொக்கியில் மாட்டப் போகிறார்கள் என்றதும் அதை வெட்டி எறியலாம் போலிருந்தது எனக்குத்தான். ஜாமில் நின்று நின்று சம்பாதிக்கிற மனுஷனிடமிருந்து இதையும் பிடுங்கிவிட்டால் அவருக்கு என்ன இருக்கிறது? சாட்சி நான்தானே, எதையாவது சொல்லித் தடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

கயிறு மாட்டுவதற்கு முன்னால் கலை, "ஒரு நிமிஷம், கொஞ்சம் இறங்குங்க" என்றாள். அவர் ஏதோ திட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று இறங்கினார். அவள் செருப்பைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு டிரைவர் சீட்டில் ஏறினாள். கல்யாணத்துக்கு முன்னால் என் பழைய பிக்கப்பைத் தானே ஓட்டிக்கொண்டு குளுவாங்வரை போய்ச் சாமான் எடுத்து வந்தவள் அவள்; அது அவருக்குத் தெரியாது, எனக்கே மறந்து போயிருந்தது. "அண்ணே, நாலு டயர்லயும் கொஞ்சம் காத்த இறக்குங்க" என்றாள். இறக்கினேன். டயர் தளர்ந்து மண்ணில் படிந்தது. எஞ்சினைக் கிளப்பி, கியர்க் கம்பிக்குப் பக்கத்திலிருக்கிற குட்டிக் கம்பியைத் தள்ளி, மெதுவாக ஆனால் பலமாக இழுக்கிற லோ கியருக்கு மாற்றினாள். முதல் கியர் போட்டு, கிளச்சை விட்டு, எல்லாப் பெடலிலிருந்தும் காலை எடுத்துவிட்டாள். வண்டி சத்தம் போடவில்லை, பாயவில்லை. ஒவ்வோர் அடியாக மண்ணைக் கவ்விக்கொண்டு, தானாக ஏறியது. பாதி மேட்டில் ஒரு தடவை நெளிந்தது. அவள் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் அசைத்துக் கொடுத்தாள், அவ்வளவுதான். மாப்பிள்ளை செருப்பைச் சேற்றில் விட்டுவிட்டு வெறுங்காலோடு, முழங்கால்வரை சேறாக, பக்கத்திலேயே ஓடினார். "போவுது மச்சான், போவுது மச்சான்!" என்று சின்னப் பிள்ளை மாதிரி கத்தினார். குரூப் தலைவர் கயிற்றை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு வாய் பிளந்து நின்றார்.

மேலே போனதும் கலை இறங்கவில்லை. எஞ்சினையும் நிறுத்தவில்லை. இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, முன்னால் நீண்டு கிடந்த சேற்று ரோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை நான் அவள் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்ததில்லை. மூச்சிரைக்க வந்து சேர்ந்த மாப்பிள்ளை டிரைவர் பக்கக் கதவைத் திறக்கக் கை வைத்தார். அவள் ஜன்னலை இறக்கி, அவர் தலைக்கு மேலாக என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"காடிய விக்க வேணாம்ணே. இவர அந்தப் பக்கம் வந்து உக்காரச் சொல்லுங்க."

மாதக்கணக்கில் நானும் ரோஸ்லியும் கழற்றி மாட்டியும் தீராத ஒரு வண்டியின் கோளாறு, ஒருவர் இறங்கி இன்னொருவர் ஏறியதும் தீர்ந்துவிட்டது என்பது மற்ற வாடிக்கையாளர்களுக்குத் தெரிந்தால் என் பிழைப்பு என்னாவது என்று யோசித்து, இதை இதுவரை நான் வொர்க்‌ஷாப்பில் யாரிடமும் சொல்லவில்லை.